அம்மாவின் ஒற்றைத் தும்மல்

பள்ளிக்கூட வேனுக்காகப் பிள்ளைகளோடு தெருமுனையில் நிற்கும்போது நாம் பேசிக்கொள்வதை எல்லாம் நான் வீட்டுக்கு வந்த பிறகும் நினைத்துக்கொண்டிருப்பேன். போன வாரம் ஒரு பூனை குறுக்கே ஓடியது. நாம் எல்லோரும் படித்தவர்கள். யாரும் நம்புவதில்லை என்றுதான் சொன்னோம். ஆனாலும் வேறு யாராவது முதலில் நடக்கட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றோம். அப்போது உங்களில் ஒருவர், "இதையெல்லாம் மொதமொதல்ல யாருப்பா ஆரம்பிச்சு வச்சது?" என்று கேட்டீர்கள். அதற்குள் வேன் வந்துவிட்டது.

பூனைக்கு யார் ஆரம்பித்து வைத்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு அபசகுனம் பிறந்ததை, பிறந்த இடத்திலேயே நின்று பார்த்தவள் நான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. அது எங்கள் திராட்சைத் தோட்டத்தில், என் அம்மாவின் மூக்கில் பிறந்தது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். கேரள எல்லையை ஒட்டிய அனுமந்தன்பட்டிக்கு வெளியே அப்பா ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் போட்ட பந்தல். உள்ளே நுழைந்தால் பச்சைக் கூரை போட்ட மண்டபம் மாதிரி இருக்கும். பெரியவர்கள் குனிந்து நடப்பார்கள். நான் நிமிர்ந்து நடப்பேன். தலைக்கு மேலே கறுப்புக் கொத்துகள், காலுக்குக் கீழே ஈரமண். மேற்கே மலை, அதன் தலையில் எப்போதும் ஒரு மேகம்.

ஆனி பிறந்தால் மலையில் இருந்து காற்று இறங்கும். எங்கள் பக்கத்தில் எல்லாத் தோட்டமும் ஒரே நேரத்தில் காய்ப்பதில்லை. ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்தால் பக்கத்துத் தோட்டத்தில் பிஞ்சு விட்டிருக்கும். பிஞ்சுக்குச் சாம்பல் நோய் வராமல் இருக்கக் கந்தகப்பொடி தூவுவார்கள். பழைய வேட்டித் துணியில் பொடியை மூட்டையாகக் கட்டி, குச்சியால் தட்டிக்கொண்டே பந்தலுக்குள் நடப்பார்கள். மஞ்சள் புகை கிளம்பும். விடியற்காலையில் தட்டினால்தான் பனி ஈரத்தில் ஒட்டும். அதே விடியற்காலையில்தான் எங்கள் தோட்டத்தில் லாரிக்குப் பெட்டி ஏறும். காற்று அங்கிருந்து இங்கே வீசும். அம்மா தும்முவாள்.

சாதாரணத் தும்மல் இல்லை. பந்தலில் இருக்கிற குருவியெல்லாம் எழுந்து பறக்கும். ஒன்றுதான் வரும். இரண்டாவது வரவே வராது. என் மகளுக்கும் இப்போது அதே மூக்கு. தூசு ஆகாத உடம்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அம்மாவுக்கு யாரும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. முந்தானையில் மூக்கைத் துடைத்துவிட்டு அடுத்த பெட்டியை எடுப்பாள்.

அம்மா கட்டும் பெட்டிக்குச் சந்தையில் நல்ல பெயர் இருந்தது. அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, காம்பு மேலே பார்க்கும்படி கொத்துகளை ஒன்றோடு ஒன்று சாய்த்து, இடைவெளியில் சின்னக் கொத்தைச் செருகுவாள். கையால் அமுக்க மாட்டாள். பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே எதுவும் அசையக் கூடாது. கேரளத்தில் இருந்து ஜீப்பில் வரும் வியாபாரி அம்மாவை அக்கா முறையில் 'சேச்சி' என்பார், போதும் என்பதற்கு 'மதி' என்பார். "சேச்சி கெட்டின பெட்டி மதி. வேற ஆளு கெட்டினது வேண்டாம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவார். அம்மா கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். ஆனால் அன்று குழம்பு கூடுதல் ருசியாக இருக்கும்.

அந்தப் பருவத்தின் முதல் லாரி கிளம்பியபோது அம்மா தும்மினாள். டிரைவர் கூடலூர்க்காரர். வண்டியின் முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருப்பவர். ஒரு நிமிடம் தயங்கினார். அப்பா, "அது பொடிக்குத் தும்முறா, நீங்க எடுங்க" என்றார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அப்பாவுக்குத் தும்மலுக்குக் காரணம் தெரிந்திருந்தது.

லாரி மலைமேல் எல்லையில், குமுளியோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் கேரளத்தில் பந்த். கடை இல்லை, வண்டி இல்லை. பந்த் என்று செய்தித்தாளில் வந்திருந்ததாம். எங்கள் தோட்டத்துக்கு வந்த செய்தித்தாள் எல்லாம் பெட்டிக்கு அடியில் விரிக்க வாங்கிய பழசு. வரிசையில் கிடந்து பழம் கசிந்தது. லாரி திரும்பி வந்தபோது பலகை இடுக்கில் இருந்து சாறு சொட்டிக்கொண்டிருந்தது. குளவிகள் லாரியோடு மலையிறங்கி வந்திருந்தன. புளித்த வாடை அப்பாவின் சட்டையில் ஏறி, துவைத்தும் போகவில்லை.

பந்த் நடந்தது அம்மாவின் தும்மலால் என்று யாராவது நினைப்பார்களா? முதலில் யாரும் நினைக்கவில்லை. அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். துக்கம் கேட்க வந்த மாதிரி வந்து உட்கார்ந்தார்.

"லாரி கெளம்பயில என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலக்கா. எப்பயும் போலத்தான்" என்றார் அப்பா.

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லு தம்பி."

அப்பா யோசித்தார். அவர் யோசித்ததுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. நஷ்டப்பட்டவனிடம் யோசிக்கச் சொன்னால் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிக்காமல் விட மாட்டான்.

"இவ தும்முனா" என்றார்.

"ஒத்தத் தும்மலா?"

"இவளுக்கு எப்பயும் ஒண்ணுதானக்கா வரும்."

அத்தை கன்னத்தில் கை வைத்தார். "ஏத்தா, வண்டி கெளம்புற நேரத்துலயா? செத்த நேரம் மூக்கப் பிடிச்சிக்கிட்டு அங்கிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

அம்மா அடுப்படியில் இருந்து, "குமுளியில பந்த்து மதினி. நான் இங்கன தும்முனா அங்கன கடையடைப்பாகளா?" என்றாள். அத்தை தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார். பதில் தேவைப்படவில்லை. அபசகுனம் பிறந்தாகிவிட்டது.

அடுத்த லாரியில் இருந்து அம்மாவுக்கு மோட்டார் ரூம். பெட்டி கட்டி முடித்ததும், "நீ உள்ள போ" என்பார் அப்பா, முகத்தைப் பார்க்காமல். அம்மா போய்விடுவாள். துணைக்கு நானும் போவேன். கிணற்றை ஒட்டிய சின்ன அறை. கிரீஸ் வாடை, பாசி வாடை, மோட்டார் சூடு. ஒரே ஒரு கம்பிச் சன்னல். அம்மா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு லாரியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தும்மல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். கண் சிவந்து தண்ணீர் ஊற்றும். நான் அவள் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துவிடுவேன். உதவி செய்கிறேன் என்ற எண்ணம் எனக்கு. அவளுக்கு மூச்சு முட்டியிருக்கும். கையைத் தட்டிவிட்டதில்லை.

ஊரில் பேச்சு வேகமாகப் போனது. பருவம் முழுக்க அம்மா தினமும் தும்மினாள். பெரும்பாலான நாள் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத நாளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் பரீட்சை அன்று வேறு பெஞ்சுக்கு மாறிப் போனாள். "ஒனக்கும் தும்மல் வந்துருச்சுன்னா?" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கே அந்தப் பயம் இருந்தது. தும்மல் வந்துவிடக் கூடாது என்று மூச்சை அடக்கி அடக்கித்தான் அந்தப் பரீட்சையை எழுதினேன்.

அம்மாவுக்கு அந்தப் பேச்சைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பெட்டியின் அடிப்பக்கம் தடித்த பலகை, மேல்பக்கம் மெல்லிய பட்டை. தடித்த பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கினால்தான் மேல்பெட்டியின் பாரம் பழத்தில் இறங்காது. சுமை ஏற்றுகிறவர்கள் அவசரத்தில் கவிழ்த்து அடுக்கிவிடுவார்கள். அதற்காகத்தான் எப்போதும் அம்மா லாரியின் பின்னால் நின்று ஒவ்வொரு பெட்டியையும் பார்ப்பாள். இப்போது பார்க்க ஆள் இல்லை. சன்னலில் இருந்து பார்த்து, "அது தலகீழா இருக்கு, தலகீழா இருக்கு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் ஓடிப்போய்ச் சொன்னால் சுமைக்காரர்கள், "போ பாப்பா, கால்ல விழுந்துரப் போகுது" என்பார்கள்.

வியாபாரி புகார் சொல்லி அனுப்பினார். சேச்சி பெட்டி நசுங்கி வருகிறது. இப்படியே போனால் வேறு தோட்டம் பார்ப்பேன் என்றாராம். அம்மா அன்று சாப்பிடவில்லை. பந்த்துக்குப் பழி சுமத்தியபோது எதிர்த்துப் பேசியவள், தன் பெட்டியைக் குறை சொன்னதும் சுருண்டு போனாள். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அந்த ஒத்தத் தும்மலு இன்னும் வெரட்டுது பாரு" என்றார். தும்மலுக்குப் பயந்து அம்மாவை ஒளித்து வைத்தார்கள். ஒளித்து வைத்ததால் பழம் நசுங்கியது. நசுங்கியதற்கும் தும்மலே காரணம் ஆனது. ஒரு நம்பிக்கைக்குக் கால் முளைத்துவிட்டால் தனக்கு வேண்டியதைத் தானே தேடிச் சாப்பிட்டு வளர்ந்துகொள்ளும்.

அப்பாவைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். முந்தின வருடம் மழையில் பழம் வெடித்துக் கொட்டியதைப் பார்த்தவர். மழை அவர் கையில் இல்லை, பந்த் அவர் கையில் இல்லை. அம்மாவின் மூக்கு ஒன்றுதான் அவரால் தள்ளி வைக்க முடிந்த விஷயம். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் ராத்திரிகளில் நானும் எதையாவது தள்ளி வைக்கத் தேடுகிறேன். அப்போதெல்லாம் அப்பாவின் முகம்தான் எனக்குப் புரிகிறது.

தும்மலைப் பற்றியே நான் நிறைய யோசித்திருக்கிறேன். சரியா தப்பா தெரியாது. எங்கள் ஊரில் இருந்து மலையேறிப் போனவர்கள் முன்பெல்லாம் மலைக்காய்ச்சலில் விழுவார்களாம். கிளம்பும்போது ஒருவன் தும்மினால், உட்கார், தண்ணீர் குடி, கொஞ்சம் பொறுத்துப் போ என்று சொல்லியிருப்பார்கள். உடம்பு சரியில்லாதவன் காட்டில் விழக் கூடாதே என்கிற அக்கறை. அப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். தும்மினவனை உட்கார வைக்க வந்த வழக்கம், எப்போதோ எங்கேயோ, தும்மினவளை விரட்டுகிற வழக்கமாக மாறிவிட்டது. தண்ணீர் கொடுத்த கை எந்த இடத்தில் தள்ளுகிற கையானது என்றுதான் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். விடியும்போதே மலையை மேகம் மூடியிருந்தது. சாரல் எங்கள் தோட்டம்வரை வந்து முகத்தில் அடித்தது. பழம் நனைந்தால் வெடித்துவிடும். எல்லோரும் ஓடினார்கள். அந்த வேகத்தில் பெட்டிகள் கவிழ்ந்தும் சரிந்தும் ஏறிக்கொண்டிருந்தன. அம்மா கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"ஏலே, திருப்பி வைங்கலே! பட்ட மேல பாக்கணும், பட்ட மேல!"

சுமைக்காரர்கள் அப்படியே நின்றார்கள். டிரைவர் அப்போதுதான் சாவியைத் திருப்பினார். இஞ்சின் உறுமியது. சாரல் வலுப்பதற்குள் பொடி தட்டி முடிக்கிற அவசரம் பக்கத்துத் தோட்டத்தில். காற்று அங்கிருந்து ஒரு மஞ்சள் கற்றையைக் கொண்டுவந்து போட்டது. அம்மா தும்மினாள். பந்தலே அதிர்ந்தது.

டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டார்.

"போச்சு" என்றார் அப்பா.

"அண்ணே, இனிமே எடுக்க மாட்டேன். மலையில சாரலு, ரோடு வழுக்கும். எனக்கும் பிள்ள குட்டி இருக்கு" என்ற டிரைவர், அம்மா பக்கம் திரும்பிக் கெஞ்சினார். "யக்கா, ரெட்டத் தும்மலுன்னா நல்ல சகுனந்தான். இன்னும் ஒண்ணே ஒண்ணு போட்டுருங்கக்கா. போயிர்றேன்."

நம்புவீர்களோ என்னவோ, எல்லோரும் சேர்ந்து அம்மாவின் இரண்டாவது தும்மலுக்காகக் காத்திருந்தோம். "சூரியனப் பாருத்தா, வரும்" என்றார், மழை அவசரத்துக்குக் கைகொடுக்க வந்திருந்த அத்தை. சூரியன் இல்லை. ஒரு சுமைக்காரர் புல் நுனியைக் கிள்ளிக் கொடுத்தார். அம்மா மூக்கில் விட்டுப் பார்த்தாள். கண்ணை மூடி, வாயைத் திறந்தாள். இதோ வருகிறது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். வரவில்லை. "இம்புட்டு நாளு வேணாம்னு அடக்குனேன். இப்ப வேணும்னா எங்கிட்டுருந்து வரும்?" என்றாள்.

சரி, உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று டிரைவர் உட்கார்ந்தார். தண்ணீருக்குப் பிறகு பீடி. பீடிக்குப் பிறகு டீ. அதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. ராகு காலத்தில் எடுக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மேல்காட்டில் இன்னொரு தோட்டம், அதில் அன்று அறுத்திருந்தார். அவர் லாரி எங்களைத் தாண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்பா தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அதையெல்லாம் கவனிக்கவில்லை. லாரி நிற்கிற நேரம் அவளுக்குக் கிடைத்த நேரம். தார்ப்பாய் போட வைத்தாள், கவிழ்ந்த பெட்டிகளை எல்லாம் இறக்கித் திருப்பி ஏற்ற வைத்தாள்.

ராகு காலம் முடிவதற்குள் செய்தி வந்தது. கூடலூரில் இருந்து பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். குமுளி மலைப்பாதையில் மண்ணும் மரமும் சரிந்து கிடக்கிறது. மேலே போன லாரிகள் வளைவுகளில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. திரும்பவும் முடியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் லாரியும் அதில் ஒன்று. மதுரை மார்க்கெட்டுக்குப் போன் போட அப்பா எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். எங்கள் லாரி மதுரைக்குத் திரும்பியது. பழம் பழமாகவே போய்ச் சேர்ந்தது. ஒரு பெட்டிகூட நசுங்கவில்லை என்று மார்க்கெட்டில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். மலையில் மாட்டிய பழம் மழையில் ஊறிப் பள்ளத்தில் கொட்டப்பட்டது.

அதற்குப் பிறகு ஊர் தலைகீழாகத் திரும்பியது. தெருவில் அம்மாவைப் பார்த்தால் விலகிப் போனவர்கள் எதிரே வந்து நின்றார்கள். "அவுக தும்முனா ஒரு அர்த்தம் இருக்கும்த்தா" என்றார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரே வெற்றிலை பாக்கோடு வந்தார். "அடுத்த லோடு ஏத்தயில ஒரு எட்டு வந்துட்டுப் போத்தா" என்று அம்மாவைக் கேட்டார். பெரிய அத்தை, "நான் அப்பயே நெனச்சேன், இவ ராசிக்காரி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த லாரி வந்த காலையில் அம்மா வழக்கம்போலப் பெட்டி கட்டி முடித்துவிட்டு எழுந்தாள். மோட்டார் ரூம் பக்கம் திரும்பினாள். அப்பா அவசரமாக வந்தார். முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அங்கிட்டு எதுக்குப் போற? வந்து லாரிக்கு முன்னால நில்லு. கெளம்பயில ஒண்ணு போட்டுவிட்டேன்னா போதும்."

"என்னத்தப் போடணும்?"

டிரைவர் பல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்தார். கையில் சின்ன வாழைமட்டையில் கட்டிய மூக்குப்பொடி. "தும்மல்தான்க்கா. ஒருவேள வரலைன்னா சங்கடப்படக் கூடாதுன்னு நானே வாங்கியாந்துட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அன்று தாங்க முடியாத சந்தோஷம். இனி என் பக்கத்தில் எல்லோரும் உட்காருவார்கள். அம்மா போய் முன்னால் நின்றுவிட வேண்டும், ஊரே பார்க்க வேண்டும் என்று இருந்தது.

அம்மா சிரிக்கவில்லை. பொடி மட்டையை வாங்கி, அதை அப்பாவின் கையில் வைத்தாள்.

"தும்மல்தான் வேணும்னா நீங்களே போட்டுத் தும்முங்க."

"ஏத்தா, நல்ல காரியத்துல வம்பு பண்ணாத" என்றார், தும்மலைப் பார்க்கவே வந்திருந்த அத்தை. "மகாலட்சுமின்னு ஊரே சொல்லுது."

"போன மாசம் மூதேவின்னு சொன்னாக. இந்த மாசம் மகாலட்சுமிங்கிறாக. மூக்கு அதே மூக்குதான் மதினி. கந்தகம் அடிச்சாத் தும்முது. வேற அதுக்கு ஒண்ணுந் தெரியாது."

"அதான் நல்லதாப் போச்சுல்ல, பெறகென்ன?" என்றார் அப்பா, தாழ்ந்த குரலில்.

"நாளைக்கு நான் தும்மிப் போற லோடு கெட்டுச்சுன்னா? மறுபடி மோட்டார் ரூமா?"

டிரைவர் மண்ணைப் பார்த்தார். அம்மாவின் குரல் உயரவே இல்லை. அவள் அப்பாவை எதிர்த்துப் பேசியதை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. கிடைத்த மரியாதையை இப்படித் தட்டிவிடுகிறாளே, வாங்கிக்கொண்டால் என்ன என்று அப்போது நினைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இன்றும்கூட வாங்கிக்கொள்வேன் என்றுதான் பயப்படுகிறேன்.

"முன்னால நிக்கச் சொல்லாதீக, நிக்க மாட்டேன்" என்றாள். "பெட்டி நான் கட்டுனது. அது ஏறயில பின்னால நிப்பேன். தும்முனாலும் நிப்பேன், தும்மாட்டியும் நிப்பேன். அதுக்குச் சம்மதம்னா பெட்டிய எடுங்க. இல்லைன்னா இந்த லோடோட நான் பெட்டி கட்டுறது முடிஞ்சுச்சு."

காற்று வீசிக்கொண்டிருந்தது. அப்பா கையில் இருந்த பொடி மட்டையைப் பார்த்தார். அதை டிரைவரின் சட்டைப் பைக்குள் போட்டார். குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கினார்.

"எங்கன வைக்கணும், சொல்லு."

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பின்பலகையில் கால் வைத்து லாரி மேல் ஏறினாள். எங்கள் ஊரில் ஒரு பெண் ஆம்பிளைகள் முன்னால் லாரி மேல் ஏறி நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். அப்பா கீழே இருந்து நீட்ட, அவள் வாங்கி, தடித்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்தாள். அடுத்ததை வாங்கினாள். நடுவில் தும்மல் வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். வந்திருக்கும். நான் கவனிக்கவில்லை. அங்கே நின்ற வேறு யாரும் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

கடைசிப் பெட்டி ஏறியதும் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினாள். டிரைவர் இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு, அப்பா தலையசைப்பதற்காகக் கண்ணாடியில் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

அம்மா லாரியின் பக்கப் பலகையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

"ரைட்டு, போகலாம்."